தொட்டிலில் ஆடிய டீசல் டேங்க்

உலகத்தில் இதுவரை வண்டியிலிருந்து டீசல் டேங்க் கழற்றிய அத்தனை பேரையும் கூப்பிட்டு, சாந்தோமிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் கடலோரமாக வரிசையில் நிற்கவைத்தால், முதல் ஆளாக நிற்கத் தகுதியுள்ளவர் எங்கள் லூயிஸ் அங்கிள்தான். அவர் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் கலங்கரை விளக்கம் சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கும். வேனுக்கு அடியில் படுத்தால் வங்காள விரிகுடா அலையைப் பிடித்து வைத்துக்கொண்டு, "ஆச்சா சார்? விடலாமா?" என்று கேட்கும். ராக்கெட் விடுகிறவர்களுக்கு ராக்கெட்டில் டேங்க் ஒழுகினால் முதல் போன் இவருக்குத்தான். இவர் எடுக்கமாட்டார். போனை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருப்பார்.

இவ்வளவும் சொன்னபிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். நான்கு போல்ட் கழற்ற அவருக்கு மூன்று நாள் ஆனது. நாலாவது போல்ட் கழலவில்லை. உடைந்தது.

லூயிஸ் அங்கிளுக்கு அறுபத்தாறு வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டராக இருந்தவர். பிள்ளைகள் கறையாக்கிய டெஸ்ட் டியூபைக் கழுவிக் கழுவியே ரிட்டையர் ஆனார். அந்த வேலை அவரிடம் விட்டுப்போன வியாதி ஒன்று உண்டு. எதைக் கழற்றினாலும், எதை ஊற்றிவைத்தாலும், அதன்மேல் ஒரு துண்டுப் பிளாஸ்திரி ஒட்டி, இது என்ன, எங்கிருந்து வந்தது, என்ன தேதி என்று உருண்டை உருண்டையாக எழுதிவிடுவார். அவர்கள் வீட்டு உப்பு டப்பாவில் 'உப்பு. ஜூலை 3' என்று இருக்கும்.

அந்த வீட்டில் படுக்கையில் இருக்கும் கரோல் ஆன்ட்டியைப் பார்த்துக்கொள்வது என் அம்மா அன்புக்கரசி. நான் மணிமொழி. நாங்கள் நொச்சிக்குப்பம். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு நான் இரண்டு தடவை போனேன். மூன்றாவது தடவை அது என்னைத் தேடி வரட்டும் என்று விட்டுவிட்டேன். அதிலிருந்து அம்மாவோடு நானும் அங்கே போய்வருகிறேன், நாலு வருஷமாக. போன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிளின் பிளாஸ்திரியிலேயே 'லூயிஸ். குலுக்கிவிட்டுப் பயன்படுத்தவும்' என்று எழுதி அவர் சட்டை முதுகில் ஒட்டிவிட்டேன். அப்படியே பூசைக்குப் போய், நற்கருணை வாங்கும் வரிசையில் நின்று, பின்னால் நின்ற அத்தனை பேரும் படித்தபிறகுதான் வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் எது காணாமல் போனாலும், எது உடைந்தாலும், முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள். தொண்ணூறு சதவீதம் சரியாகத்தான் இருக்கும்.

இப்போது வேன். பழைய மெட்டாடர். ஒரு காலத்தில் பிரெட் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அங்கிள் அதை வாங்கி, உள்ளே ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, ஒரு குட்டி ஃபேன் எல்லாம் தன் கையாலேயே பொருத்தினார். எல்லாம் வேளாங்கண்ணிக்காக. ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி அங்கே மாதா கோயிலில் கொடியேற்றம். அன்றைக்கு ரூம் கிடைக்காது என்பதால் இவர்கள் ரூமையே ஓட்டிக்கொண்டு போனார்கள், பதினாறு வருஷம், ஒரு வருஷம்கூட விடாமல்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆன்ட்டி குளியலறையில் விழுந்தார். முதுகெலும்பு. பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியாது. ரயிலில் ஏற்றி இறக்க முடியாது, காரில் போக முடியாது. அவர் படுத்தபடியே வேளாங்கண்ணிக்குப் போக அவர்களிடம் இருந்த ஒரே வழி அந்த வேன்தான். ஜூலையில் டாக்டர் சொன்னார்: "இந்த வருஷம் போறதுன்னா போயிட்டு வந்துடுங்க. அடுத்த வருஷத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்." ஆன்ட்டி அதற்குச் சிரித்தார். அங்கிள் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் பதினாறாம் தேதி அங்கிள் வேனை வெள்ளோட்டம் எடுத்தார். இரண்டு வருஷம் நின்ற வண்டி லஸ் வரைக்கும் ஒழுங்காகப் போய், அங்கே நடுரோட்டில் நாலு இருமல் இருமிவிட்டு நின்றது. ஃபில்டரைத் திறந்தால் டீ நிறத்தில் தண்ணீர்.

அந்தத் தண்ணீர் அங்கிளுக்குப் புதிதல்ல. ஒவ்வொரு வருஷமும் வேளாங்கண்ணி போய்வந்த பிறகு ஃபில்டரில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். டீசலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று பாட்டிலில் பிடித்துக்கொண்டு பங்க் பங்காகப் போய்ச் சண்டை போடுவார். இப்படியே ஐந்து பங்க்குகளோடு பகையாகிவிட்டது. மந்தைவெளியில் ஒரு பங்க்கில், "செத்தாலும் உன்கிட்ட டீசல் போடமாட்டேன்யா" என்று சொல்லிவிட்டு வந்து பதினோரு வருஷம் ஆகிறது.

"இந்தத் தடவை டேங்க்கையே கழட்டிடறேன்," என்றார். மெக்கானிக் வேண்டாமாம். டேங்க் என்பது ஒரு பெரிய டெஸ்ட் டியூப்தானாம்.

பதினேழாம் தேதி காலையில் தெருவிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி, செங்கல் அண்டக் கொடுத்து, அங்கிள் கீழே போனார். மதியம் வரைக்கும் அவர் செருப்பு மட்டும்தான் வெளியே தெரிந்தது. எதிரில் இஸ்திரி போடுகிறவர் வண்டியிலிருந்தே குரல் கொடுத்தார்: "இன்னா சார், அடியிலயே குடித்தனம் வந்துட்டீங்களா? கரண்ட் கனெக்சன் எழுதிக் குட்தீங்களா?"

"பேசாதப்பா, கண்ணுல துரு விழுது."

"நான் பேசுனா துரு வுழுதா? நல்லா கீது கத!"

டேங்க்கின் அடி மூடியைத் திறந்து பக்கெட்டில் வடித்தோம். அதிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியில் எடுத்து ஜன்னலில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. மேலே வெளிர் மஞ்சளாக டீசல். கீழே பழுப்பு நிறத்தில் தண்ணீர். நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்டமாதிரி ஒரு கோடு. அங்கிள் அதற்கு முன்னால் குந்திக்கொண்டு, தப்புச் செய்த பிள்ளையைக் கேட்பதுபோல், "எங்கேயிருந்து வந்த நீ?" என்று கேட்டார்.

மறுநாள் டேங்க்கின் தலையில் இருக்கும், டீசல் அளவு காட்டுகிற மிதவையைக் கழற்றினார். அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு லேப்பில் வைத்திருந்த நீள இடுக்கியை உள்ளே விட்டு ஏதோ நோண்டினார்.

"இன்னா அங்கிள்?"

"துருதான்," என்றார். இடுக்கியை அப்படியே வேட்டியில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அரைமணி நேரம் வரவில்லை. டீ குடிக்கப் போனார் என்று நினைத்தேன்.

பத்தொன்பதாம் தேதி, டேங்க்கைத் தாங்கிப் பிடிக்கும் இரண்டு பட்டைகளில் கடைசிப் போல்ட் உடைந்து, டேங்க் அங்கிளின் வயிற்றின்மேல் வந்து உட்கார்ந்தது. காயமில்லை. "வாங்கிக்கோ, வாங்கிக்கோ," என்று அவர் அடியிலிருந்து கத்த, நானும் இஸ்திரிக்காரரும் இழுத்து வெளியே எடுத்தோம். உடைந்த போல்ட்டுக்கும் ஒரு பிளாஸ்திரி ஒட்டினார்: 'வலது பின். உடைந்தது. ஆகஸ்ட் 19.'

உள்ளே அப்பியிருக்கும் துருவை எடுக்க, கைப்பிடி ஜல்லியும் ஒரு துண்டுச் சங்கிலியும் உள்ளே போட்டு டேங்க்கைக் குலுக்கவேண்டும். நானும் அங்கிளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். இருபது குலுக்கில் அவருக்கு மூச்சு வாங்கியது. அப்போதுதான் அவர் போர்டிகோ கூரையைப் பார்த்தார். அங்கே ஒரு இரும்புக் கொக்கி. வீடு கட்டும்போதே தொட்டில் கட்டுவதற்கென்று போட்டது. அதற்கு இதுவரை வேலை வந்ததில்லை.

ஆன்ட்டியின் பழைய வாயில் புடவை ஒன்றை இரண்டாக மடித்துக் கட்டினார். டேங்க் உள்ளே படுத்தது. ஆட்டினால் உள்ளே ஜல்லி சரசரவென்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. மணிக்கணக்கில் ஆட்டினோம். ஜன்னலோரமாகப் படுத்திருந்த ஆன்ட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"லூ, பிள்ளை தூங்கிடுச்சா?"

"எங்க தூங்குது? உன்ன மாதிரியே, ஒரே சத்தம்."

"பால் குடுத்துப் பாரேன்."

"டீசல்தான் குடிக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அங்கிள் ஆட்டுகிற கையை நிறுத்தவில்லை. நான் பைப்பில் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போய் நின்றேன்.

திரும்பி வந்தபோது அங்கிள் சட்டை மாற்ற உள்ளே போயிருந்தார். டேங்க்கைக் கவிழ்த்துக் கொட்டுவது என் வேலை. ஜல்லி, சங்கிலி, சாம்பார் மாதிரிச் சகதி. அதற்கு நடுவில் சின்னதாக, நீலமாக ஏதோ கிடந்தது. துடைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் கிரீடம்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வேளாங்கண்ணியில் மாதா உருவத்தில் பாட்டில் விற்பார்கள். மாதாக்குளத்துத் தண்ணீரை அதில் பிடித்துக்கொண்டு வருவார்கள். மாதாவின் தலையில் இருக்கும் நீலக் கிரீடம்தான் மூடி. அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஆன்ட்டியிடம் போனேன்.

"ஆன்ட்டி, வேளாங்கண்ணி தண்ணிய இன்னா பண்ணுவீங்க?"

ஆன்ட்டி வாசல் பக்கம் பார்த்தார். "கதவைச் சாத்திட்டு வா," என்றார். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த குரல் அது. ரகசியம்கூட ராகமாகத்தான் வரும். "வருஷா வருஷம் ரெண்டு பாட்டில் கொண்டு வருவேன். ஒண்ணு வீட்டுக்கு. ஒண்ணு வண்டிக்கு."

"வண்டிக்கு எங்க?"

"பின்னாடி ஒரு வாய் இருக்கு இல்ல, அதுல. அங்கிள் பார்க்காதப்ப டக்குனு ஊத்திடுவேன். அவசரத்துல ரெண்டு மூணு தடவை மூடியே கை தவறி உள்ள விழுந்துடுச்சு. அவர்கிட்ட சொல்லிடாதடி, சயின்ஸ் பேசுவார். ஆனா பாரு, பதினாறு வருஷம். வழியில ஒரு பஞ்சர் ஆனதில்ல. எதனால?"

நான் பாக்கெட்டுக்குள் கையைவிட்டுக் கிரீடத்தை மூடிக்கொண்டேன்.

ஆன்ட்டி தலையணைக்கு அடியில் கையைவிட்டு ஒரு மாதா பாட்டிலை எடுத்தார். நிறைய இருந்தது. "கடைசியாப் போனப்ப கொண்டு வந்தது. ஊத்தறதுக்குள்ள நான் விழுந்துட்டேன். அதான் பாரு, ரெண்டு வருஷம் வண்டி ஓடல. டேங்க்கைத் திரும்ப மாட்டினதும் நீ ஊத்திடு. ஊத்துவ இல்ல?"

"ஊத்தறேன் ஆன்ட்டி."

வண்டியைக் கெடுத்தது அந்தத் தண்ணீர்தான் என்று தெரிந்தால் ஆன்ட்டி மறுபடி சிரிக்கவேமாட்டார். யார் ஊற்றினார்கள் என்று தெரிந்தால் அங்கிள் எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டிலேயே விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்தேன். ஒரு கணக்கும் தெரியாதவளிடம் போய் இந்தக் கணக்கு மாட்டிக்கொண்டது.

மறுநாள் பாஸ்பாரிக் ஆசிட். ஊற்றி, நாலு மணி நேரம் ஊறவைத்து, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் அலசி வெயிலில் கவிழ்த்தார். உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னியது. அங்கிள் முகமும் மின்னியது. பிறகு டேங்க்கைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். அடித்தட்டில் ஊசி ஊசியாக வெளிச்சம். எண்ண ஆரம்பித்து இருபதோடு விட்டுவிட்டார். இத்தனை நாளும் அந்தத் தகட்டைப் பிடித்து வைத்திருந்ததே துருதான். அதை எடுத்ததும் தகடும் போய்விட்டது.

இருபத்திரண்டாம் தேதி ஆட்டோவில், டேங்க்கை மடியில் வைத்துக்கொண்டு கிண்டி எஸ்டேட்டுக்குப் போனோம். ரேடியேட்டருக்கும் டேங்க்குக்கும் பற்றவைக்கிற அக்பர் பாஷா அங்கே இருக்கிறார், அங்கிள் வீட்டுக்கும் வந்துபோய்ப் பழக்கம். டேங்க்கைப் பார்த்ததும் அவர் பீடியைக் கீழே போட்டார்.

"இன்னா சார் இது? மாவு சலிக்கறதா?"

"ஒட்ட முடியுமா பாய்?"

பாஷா மற்ற வாய்களை அடைத்து, டேங்க்கைக் கவிழ்த்து, அடி மூடி வழியாக நிறையத் தண்ணீர் பிடித்தார். ஓட்டையை ஒட்டிக் கொஞ்சமே கொஞ்சம் இடம் விட்டார். "உள்ள டீசல் ஆவி நின்னுச்சுன்னா, நெருப்பு காட்ன உடனே நம்பள சைதாப்பேட்டைல போய்தான் பொறுக்கணும்," என்று எனக்குச் சொன்னார். நெருப்பைக் காட்டினார். ஒரு ஓட்டை அடைந்தது. பக்கத்தில் இரண்டு திறந்தன. அவற்றை அடைத்தார். பக்கத்துத் தகடு அப்பளம் மாதிரிப் பொரிந்து உள்ளே போனது.

"ஆவாது சார். அடித்தட்டு மொத்தம் வெட்டிப்புட்டுப் புதுத் தகடு போடணும். வளைக்கிறவன் ஊருக்குப் போய்க்கீறான். பத்து நாளாவது ஆவும்."

"இருபத்தொம்பது கொடியேத்தம், பாய்."

"தெரியும் சார். எனுக்கே அங்கதான் மொட்ட போட்டாங்க எங்கம்மா. மாதாவ வச்சினு பொய் சொல்லமாட்டேன். ஆவாது."

அங்கிள் நின்றுகொண்டே இருந்தார். கெஞ்சத் தெரியாத ஆள். கையை மட்டும் டேங்க் மேல் வைத்துக்கொண்டார், காய்ச்சல் பார்ப்பதுபோல்.

பாஷாதான் விடவில்லை. "ஆனா ஒண்ணு சார். இவ்ளோ தண்ணி சொம்மா வராது. எவனோ வேணும்னே ஊத்திக்கீறான். வூட்ல அம்மா ஜன்னலாண்டதான படுத்துக்கினு கீறாங்க? அவங்கள கேளுங்க, யார்னா கிட்ட வந்தானுங்களான்னு."

அங்கிள் வாயைத் திறந்தார். "அது வந்து, பாய்..."

தானாகச் சொல்லாவிட்டாலும், நேராகக் கேட்டால் ஆன்ட்டி மறைக்கமாட்டார். பெருமையாகவே சொல்லிவிடுவார்.

"நான்தான்," என்றேன்.

"இன்னாது?"

"நான்தான் ஊத்தினேன். சொம்மா, விளையாட்டுக்கு. பக்கெட்டுல."

"அடி கஸ்மாலம்! பொண்ணா நீ?" என்று பாஷா எழுந்தேவிட்டார். "இவர் மூஞ்சியப் பார்த்தா உனுக்கு விளையாட்டா வருது?"

அங்கிள் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போடாமலேயே, "சரி பாய். தகடு போடுங்க," என்றார்.

ஆட்டோவில் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த நாளும் இல்லை. அம்மாவுக்குச் செய்தி போய், துடைப்பம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை அவர். அதற்கு அந்தத் துடைப்பமே தேவலை. தினமும் பஸ் பிடித்துக் கிண்டிக்குப் போய், பாஷா கடை எதிரில் ஒரு கவிழ்த்த டின்மேல் உட்கார்ந்து, வெட்டுப்பட்ட டேங்க்கைப் பார்த்துவிட்டு மதியம் திரும்புவார். நானும் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்து போய்வந்தேன். அவர் அங்கே இருப்பதால் தகடு வளைக்கிறவன் சீக்கிரம் வரப்போவதில்லை. அது அவருக்கும் தெரியும்.

இருபத்தொன்பதாம் தேதி வந்தது. டேங்க் வரவில்லை.

சாயங்காலம் ஆன்ட்டி சொன்னார்: "என்னை வேன்லயாவது படுக்க வை, லூ." அம்மாவும் அங்கிளும் இஸ்திரிக்காரருமாகப் பெட்ஷீட்டோடு தூக்கிக்கொண்டுபோய், செங்கல்மேல் நின்ற வேனின் கட்டிலில் படுக்க வைத்தார்கள். நல்ல புடவை, ஜெபமாலை, திரையெல்லாம் துவைத்தது. எல்லாம் இருந்தது, டேங்க்கைத் தவிர. வெளியே காவி கட்டிய கூட்டம் "மரியே வாழ்க" என்று பெசன்ட் நகர் கோயிலுக்கு நடந்துபோய்க்கொண்டிருந்தது. அங்கிள் போனில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தைப் போட்டு ஆன்ட்டி முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

கொடி பாதிக் கம்பம் ஏறியது. படம் நின்றுவிட்டது. நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அங்கிள் போனைத் தட்டினார், ஜன்னலுக்கு வெளியே நீட்டினார், தலைக்குமேல் தூக்கினார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. திரும்பப் படம் வந்தபோது கொடி மேலே போய்விட்டிருந்தது. வாண வேடிக்கையும் பாதி முடிந்துவிட்டது.

"பரவால்ல லூ," என்றார் ஆன்ட்டி. "மேல போயிடுச்சு இல்ல."

அங்கிள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். முப்பத்தொரு வருஷம் ஆசிட்டோடு குடித்தனம் நடத்தியவர், அந்தச் சின்ன வட்டத்தை ஒன்றும் செய்ய முடியாமல் நின்றார். நான் வேனுக்குப் பின்னால் போய், இல்லாத டேங்க்கின் வாயில் என் நெற்றியை வைத்துக்கொண்டேன். பாக்கெட்டில் அந்தக் கிரீடம் குத்தியது.

ஆனால் திருவிழா பத்து நாள். செப்டம்பர் ஏழாம் தேதி ராத்திரி பெரிய தேர்.

டேங்க் நாலாம் தேதி வந்தது. புது அடித்தட்டு, மேலே கறுப்புப் பெயின்ட். அங்கிள் பிளாஸ்திரிகளைப் படித்துப் படித்து ஒவ்வொரு போல்ட்டாக மாட்டினார். "பதிமூணு ஸ்பேனர் கொடு," "துணி கொடு," என்பதைத் தவிர என்னிடம் பேச்சில்லை. முதலில் மாட்டியபோது குழாய் மூட்டில் சொட்டியது, கழற்றினோம். இரண்டாவது முறையும் சொட்டியது. ஐந்தாம் தேதி மதியம் சொட்டு நின்றது. அவர் கேனை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன். நேராக மந்தைவெளி பங்க்குக்குப் போய், பதினோரு வருஷமாக முகம் பார்க்காத அந்த மனிதரிடம், "எப்படிப்பா இருக்கே? இருபது லிட்டர் போடு," என்றார். அந்த ஆள் பைப்பைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் கேனை நேராகப் பிடித்தேன்.

ஆறாம் தேதி காலை கிளம்பினோம். ஆன்ட்டி கட்டிலில், பக்கத்தில் அம்மா. அங்கிள் வீட்டைப் பூட்ட உள்ளே போனார். ஆன்ட்டி திரையை விலக்கி எனக்குக் கட்டை விரலைக் காட்டினார். நான் மாதா பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். ஆன்ட்டிக்குக் கேட்கட்டும் என்று டேங்க் மூடியைச் சத்தமாகத் திறந்து, சத்தமாக மூடினேன். பிறகு குனிந்தபடியே முன்பக்கம் போய், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாட்டிலை அதில் கவிழ்த்தேன். அங்கே தண்ணீர் இருக்கலாம். இருக்கத்தான் வேண்டும். மாதா கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நினைக்கிறேன்.

நிமிர்ந்தால் பின்னால் அங்கிள், கையில் சாவிக்கொத்தோடு.

"ரேடியேட்டர்ல தண்ணி பார்த்தேன் அங்கிள்."

"ம்," என்றார். என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "ஏறு," என்றார். பதினைந்து நாளில் ஸ்பேனர் கேட்காத முதல் வார்த்தை. முன் சீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

வண்டி இருமவில்லை. அடையாறு பாலம் தாண்டியது. இன்னும் முன்னூறு கிலோமீட்டர். புதுத் தகடு தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. ஆன்ட்டி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். திருவான்மியூர் சிக்னலில் நின்றபோது அம்மா என் முதுகைத் தடவினாள்.

"இன்னாடி பிளாஸ்திரி? எங்கனா அடி பட்டுதா?"

பிய்த்துக் கையில் கொடுத்தாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. உருண்டை உருண்டையாக எழுதியிருந்தது:

'டேங்க்கில் கிடைத்தது: நீல மூடி, 1. ஆகஸ்ட் 18.
கிண்டியில் கிடைத்தது: பொய், 1. ஆகஸ்ட் 22.
துருவின் வயது 16. மணிமொழி வந்து 4. கணக்கு மறுபடி ஃபெயில்.'

தலையைத் தூக்கினேன். அங்கிள் திரும்பவில்லை. சிக்னலைப் பார்த்தபடியே இடது கையை மட்டும் சீட்டுக்குப் பின்னால் நீட்டினார். உள்ளங்கையில் ஒரு நீலக் கிரீடம் இருந்தது.

"என்னது லூ அது?" என்றார் ஆன்ட்டி, படுத்தபடியே.

"ஒரு நட்டு, கரோல்," என்றார் அங்கிள். "இதுக்கு ஜோடி ஒண்ணு இடுக்கிக்கு எட்டாம உள்ளேயே கிடந்துச்சு. மணி, உன் பாக்கெட்டுல பாரு."